சிங்கம் வந்துவிட்டது

காலையில் கூரியரில் வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். பஞ்சுக்குள்ளே ஒரு வெள்ளிக் காசு. ஒரு பக்கம் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம், மறுபக்கம் கேடயத்துக்குப் பின்னால் ஒரு வீரன். தேய்ந்திருக்கிறது. ஆனாலும் அதேதான். நீ அத்தனை வருடம் தேடிய டச்சுக்காரர்களின் சிங்கக் காசு! அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

திண்டிவனத்துப் பக்கம் மல்லாட்டைக் கடலையும் தர்பூசணியும் பயிர் போடுகிற நம் வீட்டில் உனக்கு எப்படித்தான் இந்தப் பைத்தியம் பிடித்ததோ! அமெரிக்கா ஆங்கிலேயர் கையில் இருந்தபோது அங்கே புழங்கிய வெளிநாட்டுக் காசுகள்தான் உனக்கு வேண்டும். "சொந்தமா காசு பத்தாத ஊரு. ஸ்பெயின், பிரான்ஸ், ஹாலந்து, எவன் காசு வந்தாலும் வாங்கிக்கினாங்க. நல்லாருக்குல்ல?" என்பாய், கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டே.

விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சி ஞாபகமிருக்கிறதா? பல நாட்டுக் காசுகள் குவிந்து கிடந்த தட்டிலிருந்து, தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு வெள்ளித் துண்டை எடுத்தாய். "உடைஞ்சதும்மா அது. நல்லதா எடுங்க" என்றார் வியாபாரி. பக்கத்தில் லென்சும் கையுமாக நின்றவர் எட்டிப் பார்த்தார். நானோ மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "உடைஞ்சத எதுக்கு எடுக்கற?" என்றேன். புடவைத் தலைப்பின் மறைவில் நீ கிள்ளிய இடம் மறுநாளும் சிவந்திருந்தது.

விஷயம் தெரியாத வியாபாரியிடம் உடைந்த காசு விலைக்கே அதை வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறியதும் கத்திவிட்டாய். "உடைஞ்சது இல்லீங்க, வெட்டினது! சில்லறை இல்லாம ஸ்பெயின் வெள்ளிய எட்டா வெட்டிக்கினாங்க. அதுல ஒரு துண்டு!" டிரைவரே திரும்பிப் பார்த்தார். என் விரலைப் பிடித்து வெட்டின ஓரத்தில் வைத்தாய். "வழவழன்னு இருக்கா? புதுசா வெட்டியிருந்தா கீறும். எத்தன கை மாறியிருக்கும்!" அந்த முகத்தை நம் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சிங்கம் மட்டும் அகப்படவில்லை. ஒருமுறை வந்தது போலி. விளிம்பைத் தடவி, வார்த்து ஒட்டிய கோடு நெருடியதுமே திருப்பி அனுப்பிவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, "சிங்கம் வந்துச்சாங்க?" என்று கேட்டாய். "வந்துக்கினே இருக்குது" என்று பொய் சொன்னேன். அது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

ரொம்ப நாள் உன் காசுப் பெட்டியை நான் தொடவே இல்லை. போன தர்பூசணி அறுப்பு முடிந்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒரு நாள் திறந்தேன். சிங்கத்துக்கென்று நீ விட்டுவைத்த இடம் காலியாகக் கிடந்தது. மறுநாளே உனக்குப் பழக்கமான வியாபாரிகளுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தேன்.

இன்று விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். ஒட்டுப்போட்ட கோடு எங்கும் நெருடவில்லை. எடையும் சரியாக இருக்கிறது. உடனே மகளுக்குப் போன் போட்டேன்.

"இன்னாப்பா, இப்படி மூச்சு வாங்குது? ஓடி வந்தியா?"

"சிங்கம் வந்துடுச்சிம்மா!"

அவளும் கத்தினாள். பிறகு அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அடுத்து எதுப்பா?" என்றாள்.

"பிரான்சு காசு. ஞாயித்துக்கிழம பாண்டியில கண்காட்சி. ஜல்தியா போனாதான் நல்லது கெடைக்கும்" என்று நீ சொல்வதையே வாய் தானாகச் சொன்னது.

பழைய காசுக்கு என்ன அவசரம் என்று உன்னைக் கேலி செய்தவன் நான். இப்போது பாண்டிக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் தவிக்கிறேன். உன் அவசரம் மொத்தமும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.