லாக் காமாவின் குறி

மார்ச் 4, செவ்வாய். திண்டிவனம்.
புரோகிராம் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் கணித லைப்ரரிக்கான ஆவணத்தில் இன்று பதினேழு ஃபங்க்ஷன் முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான்: ஒரு புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடும் வேலைகளான த்ரெட்டுகள் பல ஒரே நேரத்தில் கூப்பிட்டால் விடை கெடுமா? சைன், காஸ் கெடாது.

மார்ச் 6
இன்று லாக் காமா என்ற ஃபங்க்ஷன். விடையைத் தருகிறது, அதன் கூட்டல் கழித்தல் குறியை மட்டும் எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் வைக்கிறது. ஒரு த்ரெட் அதைப் படிப்பதற்குள் இன்னொன்று மாற்றிவிடலாம். எழுதிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். இதை எனக்கு முதலில் சொன்னவள் காலேஜில் கூடப் படித்த ஜெசிந்தா.

மார்ச் 7
விழுப்புரம் காலேஜ் லேப். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதி. காலை பாசஞ்சரில் அவள் வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொண்டுவருவாள், கீபோர்டெல்லாம் உப்பு. எவ்வளவு சிரித்திருக்கிறோம்!

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வருட புராஜெக்டில் எப்போதாவது குறி மாறி வந்தது. "இந்த ஃபங்க்ஷன்தான்டி மாத்துது, நான் பாத்துக்கினுதான இருக்கேன்" என்றாள். மேனுவலில் அப்படி இல்லையே என்று நான்தான் அதை விட்டுவைத்தேன். டெமோ அன்று சார் எதிரிலேயே மாறியது. யார் எழுதியது என்று கேட்டார். நான் எழுதியது. வாயைத் திறக்கவில்லை. அவள் எழுதியதென்று சார் நினைத்துக்கொண்டார், திட்டு அவளுக்கு. அவர் அனுப்பிய கேம்பஸ் இன்டர்வியூ பட்டியலில் அவள் பெயர் இல்லை. எனக்கு வேலை கிடைத்தது. அதுக்கப்புறம் அவ எங்கூட பேசல — ஏன் பேசணும்?

மார்ச் 8
பழைய புரோகிராமைத் தேடி ஓட்டினேன். நாற்பத்தோராவது தடவை குறி மாறியது.

மார்ச் 10
ஜெசிந்தா இப்போது ஒலக்கூரில் கணக்கு டீச்சராம். கூடப் படித்த ஆர்த்தி நம்பர் கொடுத்தாள். போன் செய்து, நீ சொன்னதுதான் சரி, அன்று நான் சொல்லியிருக்கவேண்டும் என்றேன்.

"சொல்லுவேன்னு நெனச்சிக்கினு சார் ரூம் வாசல்லயே நின்னேன் அஸ்வினி. நாலு மணி வரைக்கும்."

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆவணத்தில் எழுதியதை அனுப்பு, பார்க்கிறேன் என்றாள்.

மார்ச் 13
அனுப்பிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு
திருத்தி அனுப்பியிருக்கிறாள். லாக் காமா பற்றி 'சில சமயம் தவறலாம்' என்று நான் மழுப்பியதை அடித்துவிட்டு, 'பாதுகாப்பானதல்ல' என்று போட்டிருக்கிறாள். நன்றி வரியில் அவள் பெயரைச் சேர்த்திருந்தேன். அதை அடிக்கவில்லை, தப்பாகப் போட்ட இனிஷியலை மட்டும் சரிசெய்திருக்கிறாள். மீதியை நேரில் பார்க்கலாமாம்.

மார்ச் 22, சனி
ஒலக்கூர் போய்வந்தேன். மதியம்வரை உட்கார்ந்து இருபது ஃபங்க்ஷன் பார்த்தோம். பழையதைப் பேசவில்லை. எதிர்வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு யாரென்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

"எங்கூட படிச்சவங்க" என்றாள். பிறகு, "படிச்சவ" என்று திருத்திக்கொண்டாள்.