உள்ளே இருந்து திறக்கும் பூட்டு

ஜூலை 4, வெள்ளி

விடாத மழை. ஹார்பர் லைன் ட்ரெயின் லேட். வடாலா ஆபீசில் பாதி நாற்காலி காலி. அந்தச் சாக்கில் நாள் பூராவும் பூட்டு பார்த்தேன். இனி போனில் எதைத் திறந்தாலும் பூட்டு விளம்பரம்தான்.

காரணத்தை எழுதி வைக்கிறேன். பிறகு எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று தோன்றக் கூடாது. நேற்று அம்மா தாராவியிலிருந்து போன் செய்தாள். சு. அவளைப் பார்க்க வந்தானாம். (சு. என் புருஷன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை.)

"மாப்பிள ரொம்ப எளச்சிட்டாவ. ஒன் அட்ரஸ் கேட்டாவ. செம்பூர்ன்னு மட்டுந்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

செம்பூர் என்று மட்டும். பெரிய மனசு.

அவனோடு இருந்த சீத்தா கேம்ப் வீட்டை விட்டு வந்த பிறகுதான் தூக்கம் என்று ஒன்று வந்தது. அவன் அடித்ததில்லை. எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அடித்தானா? இல்லை. குடிப்பானா? இல்லை. என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். நானும் வேலை தேடப் போகிறேன் என்று சொன்ன பிறகு ஆரம்பித்தது. சாயங்காலம் வந்து திறப்பான். கையில் மல்லிகைப் பூ இருக்கும். கேட்பவர்கள் பூவை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

பூட்டில் பார்க்க வேண்டியவை:

– உள்ளே இருந்து எப்போதும் திறக்க வேண்டும். கரண்ட் போனாலும், பாட்டரி போனாலும், போன் செத்தாலும்.

– விரல் ரேகை. சாவி கூடாது. சாவி என்றால் யாராவது பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

– யார் திறந்தாலும் என் போனுக்குச் செய்தி.

– வாடகை வீடு. புது ஓட்டை கூடாது.

– முதலில் எழுதியது, மறுபடியும்.

ஜூலை 6, ஞாயிறு

மாட்டுங்கா. வீட்டு ஓனர் மாமியிடம் பெர்மிஷன். காபி கொடுத்தாள். கதவைப் பற்றிப் பேசினாள். கதவு அவள் மாமனார் காலத்துத் தேக்கு.

"பழைய நைட் லாட்ச் இருந்த ஓட்டையிலேயே உட்கார்றதுன்னா போட்டுக்கோ. காலி பண்றச்சே பழசை அப்படியே மாட்டிக் குடுத்துடணும். அக்ரிமெண்ட்ல இருக்கு, கதவுல கை வைக்கப்படாதுன்னு."

சரி என்றேன். அப்புறம் கொண்டி விஷயம். கதவுக்கு வெளிப்பக்கம் இரும்புக் கொண்டி ஒன்று, பூட்டு தொங்கவிடுகிற பழைய காலத்துக் கொண்டி. அதைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். சும்மா கேட்கிற மாதிரி.

"அது எதுக்கும்மா கழட்டணும்? ஊருக்குப் போறச்சே மேல ஒரு பூட்டைத் தொங்க விட்டுட்டுப் போலாம். ஒரு தைரியம்."

எனக்கு அது தைரியம் இல்லை மாமி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அடித்தானா. காபி நன்றாக இருந்தது.

ட்ரெயினில் வரும்போது முழுக்க யோசனை. உள்ளே எவ்வளவு உசத்திப் பூட்டு போட்டால் என்ன? வெளியே கொண்டியை இழுத்து ஒரு பூட்டைத் தொங்கவிட்டால் தீர்ந்தது கதை.

ஜூலை 12, சனி

பூட்டு மாட்டியாயிற்று. கடையிலிருந்து வந்த ஆள் காதில் இயர்போனோடு வேலை பார்த்தார். நான் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் கடைசியில் அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அந்தர் சே ஹமேஷா குலேகா, மேடம்." உள்ளே இருந்து எப்போதும் திறக்கும். "ஆக் பீ லகே தோ." தீப்பிடித்தாலும்.

பாட்டரியை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். உள்ளே நின்று குமிழைத் திருப்பினேன். திறந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தேன். திறந்தது. போனை அணைத்தேன். திறந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், எல்லா பில்டிங்கிலும் இப்படி ஒரு பொம்பளை இருப்பாள் என்ற அலுப்பு. இருக்கட்டும்.

ஒரு குறை. மழையில் கதவு உப்பியிருக்கிறது. இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் முழுசாக மூடும். மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூடாவிட்டால் கீ கீ என்று கத்தி, போனுக்கும் செய்தி அனுப்பும். "மான்சூன் கே பாத் டீக் ஹோ ஜாயேகா" என்றார். மழைக்காலம் முடிந்தால் சரியாகிவிடுமாம். அதுவரை என் இடுப்புதான்.

வைஃபைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. அதன் வழியாகத்தான் செய்தி வரும். கரண்ட் போனால் செய்தி வராது. இதை எழுதாமலே இருந்திருக்கலாம், இப்போது இது ஒரு கவலை.

அவர் போன பிறகு உள்ளே வெளியே, உள்ளே வெளியே. எதிர்வீட்டு மராத்திக்காரம்மா கதவைத் திறந்து "காய் ஜாலா?" என்றாள், என்ன ஆச்சு என்று. ஒன்றுமில்லை என்றேன். புதுப் பூட்டு.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா வந்தாள். ஒரு டப்பா இட்லி, மிளகாய்ப்பொடி, அறிவுரை.

பூட்டைப் பார்த்தவுடன்: "என்னட்டி இது, பேங்கா வீடா? குடித்தனம் வைக்கும்போது நான் வாங்கித் தந்த பித்தளப் பூட்டுக்கு என்ன கொற? திண்டுக்கல் பூட்டுல்லா."

அடியில் நசுங்கிய அந்தப் பூட்டைத்தான் சு. வெளியே போட்டுவிட்டுப் போவான். இது அம்மாவுக்குத் தெரியும். எத்தனை தடவை சொன்னாலும் ஒரே பதில்தான். "ஏதோ ஒரு நாளு கோவத்துல செஞ்சிருப்பாவ." ஒரு நாளா என்று கேட்டால், சோறு வடிக்கப் போய்விடுவாள்.

அவள் விரலைப் பதிவு செய்ய முயன்றோம். வலது கை, இடது கை, துடைத்து, எண்ணெய் தடவி. ஒன்றும் ஏறவில்லை. வியாபாரத்துக்கு இட்லி அவித்து, இட்லிக் கொப்பரை தேய்த்துத் தேய்த்து ரேகையே இல்லை. ரேஷன் கடையிலும் இதே பாடுதானாம். "எங்கிட்ட ரேகை கேக்கானுவ. சோப்புத் தூள் கம்பெனில போயி கேளுலே" என்று அங்கே சொன்னாளாம். சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று இருவரும் சேர்ந்து சிரித்து.

ஆகவே அம்மாவுக்கு மட்டும் நம்பர். ஆறு எண். ஆப்பில் ‘அம்மா’ என்று பெயர் போட்டு வைத்தேன். அவள் அழுத்தினால் என் போனில் ‘அம்மா: கதவு திறந்தது’ என்று வரும். அழுத்திப் பார்த்தாள். வந்தது. குழந்தை மாதிரி மறுபடி அழுத்தினாள்.

"யாரிட்டயும் சொல்லக் கூடாதும்மா."

"நான் யாரிட்டட்டி சொல்லப் போறேன்?"

ஜூலை 17, வியாழன்

பூட்டுக்கு வேலை கொடுத்திருக்கிறேன். கதவு திறந்தால் ஹால் லைட் தானாக எரிகிறது. நான் ஆபீசில் இருக்கும்போது யாராவது திறந்தால் போன் ரிங் அடிக்கும். மாமிக்கு வர வேண்டியிருந்தால் அன்றைக்கு மட்டும் செல்லும் நம்பர். மாலை அவள் வந்து குழாய் ஒழுகலைப் பார்த்துவிட்டுப் போனாள், நம்பரும் தானாகச் செத்தது. எவ்வளவு அழகான ஏற்பாடு.

ஆபீசில் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். ‘பூட்டியுள்ளது.’ பக்கத்து சீட் பெண், "பாய்ஃப்ரெண்டா?" என்றாள். ஆமாம், ரொம்ப நல்லவன், சொன்ன பேச்சு கேட்பான் என்றேன்.

பயம் போய்விட்டதா? இல்லை. ஆனால் அதற்கு இப்போது ஓர் இடம் இருக்கிறது. போனுக்குள்.

துவைத்த துணி காயவில்லை. பாட்டரி உபரியாக நாலு வாங்க வேண்டும்.

ஜூலை 26, சனி

எழுத்து கோணல். வரிசையாக எழுதுகிறேன்.

காலை அம்மாவோடு கண் ஆஸ்பத்திரி. புரை இருக்கிறதா என்று பார்க்க. இன்றைக்கே போக வேண்டும் என்று அவள்தான் அடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் என் பக்கத்தில் அம்மா, தலை சுவரில் சாய்ந்து, கண் மூடி, கை என் மடியில்.

போன் அடித்தது.

‘அம்மா: கதவு திறந்தது.’

அம்மாவைப் பார்த்தேன். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். போனைப் பார்த்தேன். மறுபடி அம்மாவைப் பார்த்தேன்.

"அம்மா, நம்பரை யாருக்குச் சொன்ன?"

கண்ணைத் திறக்கவில்லை. மருந்து. அல்லது வேறு.

"மாப்பிள நேத்து வந்தாவ. அழுதாவட்டி, ஆம்பள அழுதா நான் என்ன செய்ய? அட்ரஸும் நம்பரும் குடுத்துட்டேன். இங்க இருந்து போயி மூணு பேருமா ஒக்காந்து பேசலாம்னு நெனச்சேன். அதுவரைக்கும் அவுகள மழையில, படியில நிக்க வைக்கச் சொல்லுதியா? ஆயிரம் இருந்தாலும் மாப்பிள."

நான் கத்தவில்லை. பில்டிங் வாட்ச்மேனுக்கு போன் செய்தேன். மேலே போய்ப் பார், கதவைத் தட்டு என்றேன். காத்திருந்தேன். நர்ஸ் வந்து அம்மாவுக்கு இன்னொரு சொட்டு விட்டாள்.

அடுத்த செய்தி: ‘உள்ளே இருந்து திறந்தது.’

குமிழைத் திருப்பியிருக்கிறான். திறந்திருக்கிறது. கரண்ட் போனாலும், தீப்பிடித்தாலும் திறக்கும் என்று நான் கேட்டுக் கேட்டு வாங்கிய குமிழ். அவன் போக நினைத்தான், போனான். அவ்வளவு சுலபம். அந்த வீட்டில் எனக்கு அது ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் அழுதேன். கண் ஆஸ்பத்திரி, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாட்ச்மேன்: "ஆப்கே மிஸ்டர் தே நா, மேடம்? அபி நிகல் கயே." இப்போதுதான் போனாராம் என் மிஸ்டர்.

அதற்குப் பிறகு ‘கதவு சரியாக மூடவில்லை.’ திரும்பத் திரும்ப. இடுப்பால் இடிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஆட்டோவில் வீடு வந்து சேரும் வரை அந்தச் சத்தம்.

உள்ளே ஒன்றும் காணாமல் போகவில்லை. மேசையில் மல்லிகைப் பூ, பொட்டலம் பிரிக்காமல். தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தேன். அப்போதுதான் கொண்டியைப் பார்த்தேன்.

பித்தளைப் பூட்டு. வாய் திறந்தபடி கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவி இல்லை.

படியேறி வந்த அம்மாவுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறதாம். என்னட்டி அங்க என்றாள். கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். தடவினாள். அடியில் நசுங்கிய இடத்தில் கட்டைவிரல் நின்றது. ரேகை இல்லாத விரல்.

"இது நான் வாங்கித் தந்ததுல்லா."

"ஆமாம்."

"இத எதுக்கு இங்க கொண்டாந்து..." படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு நாளு கோவத்துலன்னு நெனச்சேன்ட்டி" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

தூறல் மட்டும்.

கொண்டி போய்விட்டது. எதிர்வீட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வாங்கி நேற்றே கழற்றினேன். துரு ஏறி வரவே மாட்டேன் என்றது, அம்மா கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேக்கில் ஓட்டைகள் பளிச்சென்று தெரிகின்றன. மாமிக்கு போன் செய்து எல்லாம் சொன்னேன், பூட்டிய கதை உட்பட. "முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கே எடுக்கச் சொல்லியிருப்பேனே" என்றாள். அடித்தானா என்று கேட்கவில்லை. இந்த ஒருத்திதான் கேட்காதவள்.

ஆப்பில் நம்பர் நீக்கம். ‘அம்மாவை நீக்கவா?’ என்று கேட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று அழுத்தினேன்.

"இனிம நான் பெல்லு அடிச்சே வாரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

போலீஸ் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். காலையில் பார்த்தால் பித்தளைப் பூட்டை அவளே துணியில் சுற்றித் தன் பையில் வைத்திருக்கிறாள். "அவன் எங்கிட்ட அழுததயும் நானே சொல்லுதேன். நம்பரு குடுத்ததயும் சொல்லுதேன்." பால் வாங்கக் கீழே போயிருக்கிறாள். வந்ததும் ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும்.

பெல்.

கதவு லென்ஸில் பார்த்தேன். அம்மாதான். கையில் பால் கவர், நனைந்த முந்தானை. அவளுக்குப் பின்னால் படி காலி. மறுபடி ஒருமுறை பார்த்தேன். காலிதான்.

திறக்கப் போகிறேன்.