பட்டியலில் முதல் பெயர்

காஞ்சிபுரம்,
1-3-1970

சிரஞ்சீவி இளங்கோவனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். இந்த வரியை வழக்கத்துக்கு எழுதியதாக நினைக்காமல் அப்படியே நம்பு, ஏன் என்பது கீழே வரும். அங்கே நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க காமாட்சி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. ஷெப்பீல்டில் இன்னும் பனி விழுகிறது என்றும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல் நுனி மரத்துப்போய் பேனாவே பிடிக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தாய். கம்பளிக் கையுறையை நனைந்தபடி போட்டுக்கொள்ளாதே, வெந்நீரில் திடீரென்று கையை வைக்காதே, தேங்காய் எண்ணெய் தடவித் தேய். வீட்டில் பின்கட்டு ஓடு மாற்றியாகிவிட்டது. எலுமிச்சை இந்த வருடம் ஏராளமாகக் காய்த்தது, ஊறுகாய் ஒரு ஜாடி உனக்கென்று கட்டிவைத்திருக்கிறேன், வருகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புவேன். சைதாப்பேட்டைப் பெண்வீட்டுக்காரர்கள் மாசி பிறந்ததும் வந்து உன் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இன்னும் வரவில்லை, ஒரு கார்டும் இல்லை. வராததற்குக் காரணம் நானாக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் ஏர்-லெட்டரில் இடம் போதாது என்று தனித்தாளில் எழுதுகிறேன். நான் செய்த ஒரு காரியத்தை உன்னிடம் ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நம் மாதர் சங்கத்தின் சார்பில் நான் எழுதிய ஆங்கில மனு உனக்கு ஞாபகம் இருக்கும். நம் தெரு முனையில், எண்ணெய்க்கடைக்கு அடுத்த காலி அறையில், வியாழக்கிழமைதோறும் பெருவியாதிக்காரர்களுக்கு மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். தொழுநோய் என்று புதுப் பெயர் எழுதிய பலகை ஒன்றும் தொங்கியது. அதை ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லி எழுதினேன். மூன்று காரணம் காட்டினேன். கோயிலுக்கு வருகிறவர்களும் பட்டு வாங்க வருகிறவர்களும் இந்த வழியாகத்தான் போகிறார்கள் என்பது ஒன்று. பெண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கேயுள்ள குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பது இரண்டு. நோயாளிகளுக்கே ஊருக்கு வெளியே நல்ல காற்றும் அமைதியும் கிடைக்கும் என்பது மூன்று. முதல் இரண்டும் பயத்தில் எழுதியவை, அவற்றை எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். மூன்றாவதைக் கருணை மாதிரி எழுதினேன் பார், அதுதான் இப்போது சோறு இறங்கவிடாமல் செய்கிறது. எதிராளிக்கே நன்மை செய்வதுபோல வாதத்தை முடிக்கவேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நன்றாகவே முடித்திருந்தேன். ஒரு மாதத்துக்குள் மாத்திரை கொடுக்கும் இடத்தைச் செங்கல் சூளைகளுக்கு அப்பால், ஆற்றுப்பக்கம் போகும் சாலையில் ஒரு கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். நகலை உனக்கு அனுப்பினேன். உன் ஆபீஸ் துரை படித்துவிட்டு இதை எழுதியது ஒரு இந்தியத் தாயாரா என்று கேட்டதாக நீ எழுதியிருந்தாய். அந்த வரியை எத்தனை பேருக்குப் படித்துக் காட்டினேன் என்று கணக்கே இல்லை.

இந்தப் பொங்கலுக்கு சங்கத்தில் பெரிய வெண்கலப்பானையில் பொங்கல் வைத்தோம். இறக்குகிற நேரத்தில் கைத்துணியைக் காணவில்லை, எல்லோரும் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு தயங்கிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் ஒருத்தி, தறிவீடுகளில் பாவு நூல் பிணைக்கிறவள், நேராக வந்து வெறுங்கையால் பானையைத் தூக்கி இறக்கிவைத்தாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. நான் எல்லோர் முன்னாலும், பார்த்தீர்களா, உழைத்த கை இப்படித்தான் இருக்கும், நீங்கள் காபி டம்ளரையே மூன்று விரலால் பிடிக்கிறீர்கள் என்று சொன்னேன். கைதட்டினார்கள். அவள் கையைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு சிரித்தாள். அடக்கம் என்று நினைத்தேன். அவள் பெயரை இந்தத் தாளில் எழுதமாட்டேன், இந்த உறை உன்னிடம் வருமுன் எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து, உன் கல்யாணத்துக்கென்று சொல்லியிருந்த அரக்குப் புடவை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கத் தறிவீட்டுக்குப் போனேன். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாக, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்ப்பார்கள், நீ சின்ன வயதில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறாய். அன்றைக்குப் பாவில் பத்துப் பதினைந்து இழை நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. அவள்தான் உட்கார்ந்து திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் தெரியுமே, குறை கண்டால் என் வாய் நிற்காது. கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளக்கூடாதா, முகூர்த்தப் புடவையில் இப்படியா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "கண்ணு நல்லாத்தான் தெரியுதும்மா. இழ கையில இருக்குதா இல்லையான்னுதான் தெரியல" என்று சொன்னாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. கையை நீட்டினாள். உள்ளங்கையில் பொங்கல் பானையின் விளிம்பு சுட்ட கொப்புளம் உடைந்து இன்னும் ஆறாமல் இருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கிக்கிடந்தன, நீட்டச் சொன்னால் நீளவில்லை.

முன்னமே ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாத்துக்கினுதான் இருந்தேன்மா, உங்க தெருவாண்ட இருக்கசொல்ல. வியாழக்கெழம பூக்கூட எடுத்துக்கினு வருவேன், எண்ணெய்க்கு வந்தாளோ கோயிலுக்கு வந்தாளோன்னு யாருக்குத் தெரியும், கும்பலோட கும்பலா வாங்கிக்கினு போயிடுவேன். சூளைக்கு அந்தாண்ட மாத்திட்டாங்க. அந்த ரோட்ல வேற இன்னாமா இருக்குது? வியாழக்கெழம ஒரு பொம்பள அங்க நடந்தான்னா எதுக்குப் போறான்னு ஊருக்கே தெரியும். தறிக்காரங்க காதுல வுழுந்தா அப்பறம் எவன் வூட்டு பாவ நான் தொடறது? மாத்திரயே வேணான்னு வுட்டுட்டேன்." அதன் பிறகு, நான் கேட்காமலே, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னாள், "நீங்கதானம்மா என் வெரல மையில புடிச்சி வச்சீங்க. மாட்டேன்னா ஏன்னு கேப்பீங்களே, இன்னா சொல்றது?"

இளங்கோ, அது உண்மை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு நான்தான் ஒவ்வொருவர் கட்டைவிரலையும் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, கோடு கலையாமல் தாளில் உருட்டினேன். ஒழுங்காக இருக்கவேண்டுமே என்ற கவலை எனக்கு. அவள் மாத்திரையை அவள் கையாலேயே நிறுத்தவைத்திருக்கிறேன்.

அப்போதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கொடுத்த தண்ணீரை, விரதம் என்று பொய் சொல்லிக் குடிக்காமல் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் டெட்டால் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். அந்தப் புடவை வேண்டாம் என்று சொல்லி வேறு தறியில் சொல்லலாமா என்றுகூட ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். இதையெல்லாம் உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் அந்த மனு மாதிரி ஆகிவிடும்.

மறுநாள் சுகாதாரப் பணியாளர் பரசுராமனைக் கூப்பிட்டனுப்பினேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போய் இந்த மாத்திரை கொடுக்கிற பிள்ளை, மாகறல் பக்கத்துக்காரர். யார் என்று சொல்லாமல் விவரம் கேட்டேன். விடாமல் சாப்பிட்டால் நோய் அப்படியே நின்றுவிடும், மற்றவருக்கும் பரவாது, மடங்கிய விரல் தானாக நிமிராது, ஆனால் மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்று சொன்னார். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "என் சைக்கிள் ஒரு வூட்டு வாசல்ல நின்னா அந்த வூட்டுக்கு அப்பறம் பொண்ணு கேட்டு யாரும் வரமாட்டாங்கம்மா" என்றார். முன்பு தெருவில் அறுபது பேர் வந்துகொண்டிருந்தார்களாம், கொட்டகைக்கு வருகிறவர்கள் பதினான்கு பேர். இன்னொன்றும் சொன்னார், சொல்லத் தயங்கித்தான் சொன்னார். "உங்க மனு ரொம்ப ஜோரா இருக்குதுன்னு பக்கத்து ஊர்லயும் அத அப்படியே பாத்து எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. அங்கயும் மாத்தியாச்சு." என் ஆங்கிலத்தை இதைவிட யாரும் பாராட்டமுடியாது.

பிறகு இருவரும் யோசித்து ஒரு வழி கண்டோம். நம் வீட்டில் அப்பாவின் ஆபீஸ் அறை அவர் போனதிலிருந்து பூட்டியே கிடக்கிறது. வியாழக்கிழமைகளில் அங்கே குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, அம்மை குத்துவது, கர்ப்பிணிகளுக்கு மாத்திரை, இந்த மாத்திரை, எல்லாம் ஒரே வரிசை, ஒரே வாசல். யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. பலகை கிடையாது. மேலே இருப்பவர்கள் ஒப்புக்கொள்வார்களாம், ஆனால் எதிர்த்து எழுதியவரே எழுத்தில் திரும்பப் பெறவேண்டும், சங்கத்துப் பெண்களும் சம்மதிக்கவேண்டும்.

சங்கத்தைக் கூட்டினேன். மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதியது தவறு, மாத்திரை கொடுப்பது மறுபடியும் இந்தத் தெருவுக்கு வரவேண்டும், இடம் நான் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னேன். காரணம் சொல்லவில்லை, சொல்லமுடியாது. நம் காரியதரிசி பட்டம்மாள் விடுவாளா? "இன்னாம்மா இது, வேணான்னதும் நீங்கதான், வேணுன்றதும் நீங்கதான். இங்கிலீஷ் தெரியாதவங்கன்னா எங்க வெரல எத்தினி வாட்டி மையில முக்குவீங்க?" என்றாள். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ ஒருத்தி, "அம்மாவுக்கே ஏதாச்சும் இருக்குதோ, இன்னாவோ" என்றாள். சிரிப்பு நின்றது. எல்லோர் கண்ணும் என் கைக்கு வந்தன. ஒரு மூலையில் அந்தப் பாவு பிணைக்கிறவள் இருந்தாள். முகம் வெளுத்து, ஏதோ சொல்லப்போகிறவள்போல எழுந்தாள். கூட்டம் இன்னும் முடியவில்லை, உட்கார் என்று அதட்டினேன். உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. சொன்னால், அப்படியானால் யாருக்கு என்று அடுத்த கேள்வி வரும். நாற்பது பேர் ஒருவர் கையை ஒருவர் பார்ப்பார்கள். அதனால் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு, சம்மதமானவர்கள் கை தூக்குங்கள் என்று மட்டும் சொன்னேன். பதினொரு பேர் தூக்கினார்கள். பட்டம்மாளும் தூக்கினாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கப் பேச்சு. அறைக்கு மேலேயிருந்து உத்தரவு இன்னும் வரவில்லை, ஆனாலும் வியாழக்கிழமைதோறும் பரசுராமனின் சைக்கிள் நம் வாசலில்தான் நிற்கிறது, நான்தான் நிற்கச் சொன்னேன். அவள் பூஜைக்குப் பூ கொண்டுவருகிறாள், நான் பூவை வாங்கிக்கொண்டு மாத்திரைப் பொட்டலத்தைக் கூடையில் போடுகிறேன். வீட்டு வேலை செய்யும் அங்கம்மாள் வேலையை விடவில்லை, ஆனால் அவளுக்கென்று நான் இத்தனை வருடம் தனியாக வைத்திருந்த டம்ளரை இப்போது அவளே எடுத்துப்போய் என் கை படாத இடத்தில் வைத்துக்கொள்கிறாள். அதைப் பற்றி அவளிடம் பேச எனக்கு வாய் இல்லை.

இந்தப் பேச்சு சைதாப்பேட்டைக்கும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். அவர்கள் நேரில் கேட்டால் எனக்கு நோய் இல்லை, பரிசோதித்துக்கொள்ளலாம் என்பேன். வேறு யாருக்கு என்று கேட்டால் சொல்லமாட்டேன், சைக்கிளையும் வேறு வாசலுக்கு அனுப்பமாட்டேன். அதனால் இந்த இடம் தட்டிப்போனால் அது உன் நஷ்டம், நான் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபம் இருந்தால் எனக்கே எழுது, எனக்கு நோய் இல்லை என்று மறுத்து ஊரில் யாருக்கும் எழுதாதே. புடவையை மாற்றவில்லை. தறியிலிருந்து அறுத்து வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன், யார் மருமகளாக வந்தாலும் அதைத்தான் உடுத்துவாள்.

பங்குனி உத்திரத்துக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரக்காலோடு படுக்காதே, விரலில் உணர்ச்சி வர நேரமானால் அன்றைக்கே டாக்டரிடம் போ. ஆயுளும் ஆரோக்கியமும் நிறைந்து நீ நன்றாக இருக்கவேண்டும்.

முக்கியமான ஒன்று. அந்த மனுவின் நகலை நான் வைத்துக்கொள்ளவில்லை, உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மூன்று காரணத்துக்கும் நானே வரிக்கு வரி மறுப்பு எழுதியாகவேண்டும், அதனால் உடனே தபாலில் அனுப்பு. துரையிடம் மறுபடி காட்டாதே. அந்த மனுவின் பின்னால் இணைத்த தாளில் நாற்பத்திரண்டு பெயர் இருக்கும். முதல் பெயர் என்னுடையது. அதற்குக் கீழே படிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
லோகாம்பாள்