கெட்டிலில் தெரிந்த முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகளின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போட மறப்பதில்லையே? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, கவலைப்படாதீர்கள். எங்கள் பாத்திரக் கம்பெனிக்காக நான் எடுத்த கெட்டில் படத்தை, தான் எடுத்ததாகச் சொல்லி மேனேஜர் பரிசுக் கேடயம் வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வாரம், ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க ஆபீசில் ஒரு வலைப்பூ தொடங்கினோம். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு நான் எழுதுகிறேன் என்று முதல் ஆளாகக் கை தூக்கினேன். பளபளப்பான பொருளை எடுக்கும்போது உங்கள் உருவம் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் முதல் பாடம். உதாரணத்துக்கு அந்தப் பரிசுப் படத்தையே போட்டு, கெட்டிலின் வயிற்றைப் பெரிதாக்கிக் காட்டினேன். அதில் கேமராவும் கையுமாக நின்றது நான்தான்!

மேனேஜர் என் மேஜைக்கே வந்துவிட்டார். "அதை எடுத்துடும்மா, எல்லாரும் சிரிக்கிறாங்க."

"பாடம்தானே சார், நாலு பேர் கத்துக்கட்டுமே" என்றேன்.

மறுநாளே முதலாளி கேடயத்தை எனக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். அதில் ஒட்டியிருந்த மேனேஜரின் பெயரை, அவர் பார்க்கும்படி, என் நகத்தாலேயே சுரண்டி எடுத்தேன். வயிறு குளிர்ந்தது அப்பா.

நீங்களும் அம்மாவும் வாசல் வெளிச்சத்தில் நின்று ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது. கை ஆடி மங்கலாக இருந்தாலும் பாடம் எடுக்க மாட்டேன். சீக்கிரம் அனுப்புங்கள். ஆபீஸ் போகும் பஸ் வந்துவிட்டது, இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள் மகள்