யார் அமுக்கினாலும் அக்காதான்

மார்ச் 4, புதன்

மறுபடி புகார். "உள்ளே போனதும் வெளியே தள்ளுகிறது." நாங்கள் கட்டிக்கொடுத்த கல்லூரி விண்ணப்பத் தளத்துக்கு இன்று மட்டும் ஒரு குவியல் வந்திருக்கிறது. எல்லாருக்கும் ஒரே வியாதி. பிரவுசரில் குக்கியைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். எவனோ வீடியோவில் "குக்கி ஆபத்து" என்று சொல்லியிருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு, ஐயோ யாரும் வரலையே என்று அழுகிற கூட்டம்.

சர்வர் ஒரு மறதிக்காரன். ஒவ்வொரு கிளிக்குக்கும் "நீ யாரு?" என்பான். அதனால்தான் பாஸ்வேர்டு போட்டதும் கையில் ஒரு நம்பர்ச் சீட்டு கொடுக்கிறான். அதுதான் குக்கி. அடுத்தடுத்த கிளிக்கில் அதைக் காட்டினால் ஆளை அடையாளம் கண்டுகொள்வான். சீட்டையே வாங்க மாட்டேன் என்றால் என்ன செய்வான், மூஞ்சியைப் பார்த்தா கண்டுபிடிப்பான்? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இதுகள் படித்து என்ன கிழிக்கப் போகிறதுகளோ.

எங்கள் டீம் லீடர் வந்து நின்றார். கல்லூரிக்காரர்கள் தும்மினால்கூட "கண்டிப்பா சார்" என்கிற ஆள். நான் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. "ஏதாவது பண்ணும்மா, கண்டிப்பா பண்றோம்னு சொல்லிட்டேன்." சொல்லாமல் இருந்தால்தானே அதிசயம்.

மார்ச் 6, வெள்ளி

அக்கா போன். "ஏண்டி, உங்க தளம் என்னை உள்ளயே விட மாட்டேங்குது?"

போச்சு. முட்டாள் பட்டியலில் என் ரத்தமும் இருக்கிறது.

ரகசியமாக விண்ணப்பம் போடுகிறாளாம். எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, இரண்டு வருஷம், வெளியூர், விடுதி. மாமாவுக்குத் தெரியாது. "குக்கியை ஏன்க்கா தடுத்தே?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கதையே வேறு.

"போன மாசம் அந்தப் படிப்பைப் பத்திப் பாத்தேன். மறுநாள் அதே கம்ப்யூட்டர்ல உங்க மாமா விளையாட்டுச் செய்தி படிக்கிறார், பக்கத்துலயே எக்ஸ்ரே படிக்க வாங்கன்னு விளம்பரம் பல்லைக் காட்டுது. 'இந்த வீட்ல யாரு படிக்கப் போறா?'ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம்தான் விடுதியில தங்கிப் படிக்கிற என் பொண்ணு, குக்கிதான் காட்டிக்கொடுக்குது, தடுத்து வைம்மான்னு போன்ல சொல்லிக்கொடுத்தா."

போனில் செய்யலாமே என்றால், அவள் போன் பாதி நேரம் அவர் கையில்தானாம்.

"சீட் கிடைச்சப்புறம் சொல்லிக்கிறேன். முன்னாடியே சொன்னா ஒரு வாரம் பேச மாட்டார். அப்புறம் நானே வேணாம்னுடுவேன். போன தடவை அப்படித்தானே ஆச்சு?"

அப்படித்தான் ஆச்சு. மகாராஜா வாயை மூடினால் இவள் தன் ஆசையை மூட்டை கட்டிவிடுவாள். கடைசித் தேதி பதினாறு. அதற்குள் இவள் உள்ளே போயாக வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

முடித்துவிட்டேன். சீட்டை வாங்க மறுக்கிறவர்களுக்கு, பக்கத்தின் முகவரியின் வாலிலேயே அந்த நம்பரை ஒட்டிவிட்டேன். எந்த லிங்க்கை அமுக்கினாலும் நம்பர் கூடவே போகும். குக்கியே தேவையில்லை. பழைய வித்தைதான், ஆனால் இந்த ஆபீஸில் யாருக்குத் தெரியும்?

டெஸ்ட் பண்ணுகிற அம்மா மட்டும், "அந்த முகவரியை வேற யாராவது திறந்தா?" என்றார்.

"அவங்களாவே உள்ள போவாங்க. எவன் அடுத்தவன் முகவரியைத் தேடித் திறக்கப் போறான்?"

ஆமாஞ்சாமி தன் பங்குக்கு, கடைசித் தேதி வரை யாரையும் மறுபடி பாஸ்வேர்டு கேட்கக் கூடாது என்றார். கல்லூரிக்காரர்கள் ஆசைப்பட்டார்களாம். சரி, அதையும் போட்டேன். எனக்கென்ன.

மார்ச் 10, செவ்வாய்

அக்கா விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். நான் கெட்டிக்காரி.

மார்ச் 14, சனி

அக்கா வீடு. மகாராஜா ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் வீற்றிருந்தார். கோழி கொத்துவதுபோல ஒற்றை விரலில் டைப் அடிக்கிறார். அவர்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவர், அக்கா அதைத் துடைக்கிறவள். "உன்னை இன்னுமா ஆபீஸ்ல வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்த ஜோக்குக்கு என் வேலையைவிட வயசு அதிகம்.

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவள் அப்படிச் சிமிட்டி எத்தனை வருஷம் ஆச்சு.

மார்ச் 17, செவ்வாய்

எழுதவே முடியல.

காலையில் அக்கா மாடிப்படியிலிருந்து பேசினாள். குரலே இல்லை. "உங்கள் விருப்பப்படி விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது"னு மெயில் வந்திருக்காம், இப்பத்தான் பாத்தாளாம். "நீ ஏதாவது பண்ணியாடி?"

சர்வர் பதிவைத் தோண்டினேன். ஞாயிறு காலை. அக்கா காய்கறி வாங்கப் போயிருந்த நேரம். அவள் நம்பர்தான், அவள் வீட்டு கம்ப்யூட்டர்தான். அந்த ஆள் எதையோ தேட இரண்டு எழுத்தைக் கொத்தியிருப்பார். பிரவுசர் பழைய முகவரியை, நான் ஒட்டிய நம்பர் வாலோடு, தாம்பாளத்தில் வைத்து நீட்டியிருக்கும். குக்கியைத் தடுத்தால் போதும், தடம் இருக்காது என்று அக்கா நம்பியிருந்தாள். நான் முகவரியிலேயே தடத்தை ஒட்டிவிட்டேன்.

எல்லாப் பக்கத்தையும் பார்த்திருக்கிறார். போட்டோ, மதிப்பெண். விடுதிப் பக்கத்தில் நெடுநேரம். அப்புறம் "திரும்பப் பெறு".

பாஸ்வேர்டு கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருப்பார். நான்தான் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எவன் திறக்கப் போறான்னு கேட்டேனே. சனியன் பிடிச்ச வாய்.

மார்ச் 18, புதன்

மாமாவுக்கே போன் போட்டேன். மறுக்கவே இல்லை.

"ஆமா, அமுக்கினேன். என் வீட்டு கம்ப்யூட்டர். நான் என்ன வேணா அமுக்குவேன். அந்த வயசுல படிப்பு என்ன வேண்டியிருக்கு?"

தூ.

சர்வரில் ஒரே ஒரு வரி மாற்றினால் விண்ணப்பம் உயிரோடு எழுந்துவிடும். சாவி என்னிடம் இருக்கிறது. விரல் அங்கே வரைக்கும் போனது. ஆனால் நாளைக்கு எவனாவது தோண்டினால்? கடைசித் தேதிக்கு அப்புறம் தங்கச்சி கைவைத்தாள் என்று அக்காவின் சீட்டைத்தான் பிடுங்குவார்கள்.

ஆமாஞ்சாமியிடம் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனுஷன் முடியாது என்றார். "வாபஸ்னா வாபஸ்தாம்மா. அவங்க கணக்கு, அவங்க கிளிக். பதிவு அப்படித்தானே சொல்லுது?"

அந்தப் பதிவுக்கு ஆள் தெரியாது, நம்பர்தான் தெரியும். யார் அமுக்கினாலும் அதுக்கு அக்காதான். இதை யாராவது கல்லூரிக்காரர்கள் முன்னால் சொல்ல வேண்டும். யார் சொல்வது? கட்டினவள்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான் போல.

மார்ச் 19, வியாழன்

சொன்னேன். நீள மேஜை, ஏசி குளிர், பிஸ்கட் தட்டு, நடுவில் கல்லூரிப் பதிவாளர் அம்மா. நான் பேசி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்துகொண்டே இருந்தார்.

"அப்ப யார் வாபஸ் வாங்கினாங்கன்னு உங்களுக்கே தெரியாது?"

"தெரியாது மேடம்."

"இப்படி ஆகும்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். யாரும் திறக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். திறந்ததுல ஒண்ணு என் அக்காவோடது."

ஆமாஞ்சாமி பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் வாபஸ் வாங்கிய எல்லாருக்கும் போன் போட்டு நேரடியாகக் கேட்பார்களாம். நான் வாபஸ் வாங்கவில்லை என்று அவர்களே சொன்னால் விண்ணப்பம் திரும்ப ஏறும். ஆமாம் என்றால் அத்தோடு சரி.

அதாவது அக்கா வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அக்கா!

மார்ச் 20, வெள்ளி

முகவரியிலிருந்து நம்பரை எடுத்தாகிவிட்டது. என்னையும் அந்த வேலையிலிருந்து எடுத்தாகிவிட்டது. "நமது குழுவின் விரைவான நடவடிக்கை" என்று ஆமாஞ்சாமி ஊருக்கே மெயில் அனுப்பியிருக்கிறார். இவர் செத்தாலும் பாடைக்கு முன்னால் போய்த் தலைமை தாங்குவார்.

மார்ச் 21, சனி

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லூரியிலிருந்து போன் காலையில் வந்திருக்கிறது. எப்போது? மகாராஜா வீட்டில் இருக்கும்போது. யார் எடுத்தது? வேறு யார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, மேஜை நடுவில் வைத்து, அக்காவையே பார்த்தாராம்.

"விண்ணப்பத்தை நீங்களா வாபஸ் வாங்கினீங்க?"

"மேஜை ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டேன்டி," என்றாள். "அந்தம்மா ரெண்டு தடவை ஹலோ ஹலோங்கிறாங்க. அவர் அசையாமப் பாக்கிறார். அப்புறம் சொல்லிட்டேன். இல்லங்க, நான் வாங்கல, எனக்கு சீட் வேணும்னு."

"யார் வாங்கினதுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. வீட்ல ஒருத்தர், அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்னேன்."

அவர் எழுந்து குளிக்கப் போனாராம். வெகுநேரம் வரவே இல்லையாம்.

இவளையா முட்டாள் பட்டியலில் சேர்த்தேன்?

ஏப்ரல் 11, சனி

சீட் வந்துவிட்டது. மகாராஜா இன்னும் மௌன விரதம். ஒரு வாரம் தாண்டி எப்போதோ ஆச்சு. "இப்பத்தாண்டி நிம்மதியா இருக்கு," என்கிறாள் அக்கா. "டிவி சத்தம் மட்டும்தான்."

ஜூலை 5, ஞாயிறு

அக்கா விடுதிக்குப் போய் ஒரு வாரம். என் பழைய லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"கல்லூரித் தளத்துக்குள்ள போனேன்டி. கீழ என்னமோ கேட்டுச்சு, குக்கியை அனுமதிக்கவான்னு."

பாடம் எடுக்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"அனுமதின்னு அமுக்கிட்டேன். என் கம்ப்யூட்டர்தானே."