புள்ளிக்கோட்டில் வந்த விமானம்

ஜன. 19, திங்கள்

காலை எட்டு மணிக்கும் பனி. சிறுமலை இருக்கிற திசையே தெரியவில்லை. ஷட்டரைத் தூக்கியதும் கை மரத்துவிட்டது.

முதலாளி புது வேலை கொடுத்தார். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்கள், வெப்சைட்டுகளில் மூன்றை இந்த வாரம் முழுக்க ஒத்துப் பார்க்க வேண்டும். எது சரியோ அதற்குச் சந்தா கட்டுவாராம். "கம்ப்யூட்டர் படிச்ச புள்ளதான நீ. வெள்ளிக்கிழம ஒரே வரியில சொல்லு. கத வேணாம்."

திடீர் அக்கறைக்குக் காரணம் 9ஆம் தேதி. வேடசந்தூர் மில்காரர் வீட்டு மருமகன் துபாயிலிருந்து மதுரையில் இறங்கி, எங்கள் டிராவல்ஸ் காருக்காக இருபத்தைந்து நிமிடம் வெளியே நின்றார். கையில் ஒரு பைதான், அதனால் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். மாமனார் முதலாளிக்குப் போன் போட்டுக் கத்தினார். கார் ஓட்டிப் போன செல்லத்துரை அண்ணனுக்கு அன்றோடு ஏர்போர்ட் லைன் போயிற்று. பதினோரு வருடமாக ஓட்டியவர். இப்போது மில் பெண்களை ஏற்றி இறக்கும் வேன்.

வழியில் பஞ்சர் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார்.

பஞ்சர் ஆகவில்லை. மதுரை போகிற வழியில் கொடைரோட்டில் நிறுத்தி டீ குடித்தார். குடிக்கச் சொன்னது நான். "இன்னும் நடுக்கடல்லதான் இருக்குண்ணே, அவசரமே இல்ல" என்று போனில் சொன்னேன். அப்போது நாங்கள் பார்த்துவந்த இலவச நீல ஆப்பைப் பார்த்துச் சொன்னேன். விமானம் அந்த இடத்தில் இல்லை. அரை மணி நேரம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

பத்து நாளாக நான் வாயைத் திறக்கவில்லை.

வாங்க: நீள நோட்டு, சார்ஜர் வயர், அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஜன. 20, செவ்வாய்

பனி குறைவு. நோட்டில் கோடு போட்டேன். பெயர் எழுதவில்லை, அடையாளம் மட்டும். நீலம் (இலவசம்). மஞ்சள் (சந்தா உண்டு, ஒரு வாரம் சும்மா பார்க்கலாம்). பலகை, அதாவது ஏர்போர்ட்டின் வருகைப் பட்டியல், வெப்சைட்டில் வருவது.

மூன்றையும் எதோடு ஒத்துப் பார்ப்பது? கண்ணோடுதான். இப்போது ஏர்போர்ட் லைன் ஓட்டி, பார்க்கிங்கில் வண்டியோடு நிற்கும் ரபீக் அண்ணனிடம் சொல்லி வைத்தேன், சக்கரம் தரையைத் தொட்டதும் போன் போடச் சொல்லி.

"சக்கரத்துல பொக கெளம்பிருச்சு. எழுது பாப்பா, ஒண்ணு பதினாறு."

நீலம் 1.18. மஞ்சள் 1.16. பலகை 1.27. பலகைக்கு 'வந்தது' என்றால் விமானம் ஓடி முடித்து வந்து நின்றது. ஒரே சொல், ஆளுக்கொரு அர்த்தம்.

ரபீக் அண்ணன் விடவில்லை. "வானத்துல சேட்டிலைட்டு விட்டவன் சொன்னது சரியான்னு நான் பாத்துச் சொல்றேன் பாரு. எனக்குத்தான் அவன் சம்பளம் குடுக்கணும்."

இன்றைய சவாரி சித்தையன்கோட்டைக்காரர் ஒருவர். நாலு வருடம் கழித்துத் துபாயிலிருந்து வருகிறார், கட்டட வேலை. வீட்டார் எட்டுப் பேர் காலை ஒன்பது மணிக்கே போய்க் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். பெட்டி வர லேட்டாகி அவர் வெளியே வந்தது இரண்டரைக்கு. ஐந்தரை மணி நேரம். யாரும் யாருக்கும் போன் போட்டுக் கத்தவில்லை. யாருக்குப் போடுவது என்றே தெரியாது அவர்களுக்கு.

ஜன. 21, புதன்

பிடித்துவிட்டேன்.

மதியம் 12.25. நீலத்தில் துபாய் விமானம் நடுக்கடலில். மஞ்சளில் அதே விமானம் கொச்சிக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. நீலத்தில் விமானத்துக்குப் பின்னால் இருக்கும் கோடு முழுக்கோடு இல்லை, புள்ளிக்கோடு.

உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தேன். தரையில் இருக்கும் கருவிகள் விமானத்தின் சிக்னலைப் பிடிக்கின்றன. கடல் மேல் கருவி கிடையாது. சிக்னல் விட்டுப்போனால் இந்நேரம் இங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டு அவர்களே விமானத்தை நகர்த்துகிறார்கள். புள்ளிக்கோடு என்றால் அதுதான். மஞ்சள், சந்தா கட்டினால், சேட்டிலைட்டிலிருந்தும் வாங்கிக் காட்டுகிறது.

பின்காற்று அடித்தால் விமானம் சீக்கிரம் வரும். கணக்குக்குக் காற்று தெரியாது.

ரபீக் அண்ணன்: 1.10. மஞ்சள் 1.10. நீலம் 12.40 வரைக்கும் 1.36 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கரை வந்து சிக்னல் கிடைத்ததும் விமானம் ஒரே தாவலாகத் தாவியது.

தெரியாது என்று போட என்ன கேடு? தாலுகா ஆபீசில் அம்மாவின் பென்ஷன் மனுவை "மேல போயிருக்கும்மா" என்று எட்டு மாதமாக நகர்த்துகிறார்களே, அதுவும் புள்ளிக்கோடுதான்.

ஆனால் 9ஆம் தேதியும் அந்தக் கோடு இருந்தது. பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். என்னவென்று யாரிடமும் கேட்கவில்லை.

ஜன. 22, வியாழன்

வெயில். இன்று துபாய் விமானம் இல்லை. மதியம் ஷிப்ட் விட்ட பெண்களோடு மில் வேன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். செல்லத்துரை அண்ணனுக்குக் கண் சிவந்திருந்தது. மூன்று மணிக்கு எழுகிறார்.

"எதுக்குண்ணே பஞ்சர்னு சொன்னீங்க?"

"பெறகு? ஆபீஸ் புள்ள தப்பாச் சொல்லிருச்சுன்னு சொல்லவா? ஒன்னைய அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாரு."

"நான் போயி உள்ளதச் சொல்லிர்றேன்."

"சொல்லு. இப்ப நான் டயரப் பாக்காம வண்டிய எடுத்தவன். நீ சொன்னா பொய் சொன்னவன். அப்புறம் இந்த வேனும் கெடையாது. பேசாம இருத்தா."

இறங்கிய பெண் ஒருத்தி சத்தமாகக் கேட்டாள்: "அண்ணே, நாளைக்கு இந்த வண்டிக்காச்சும் டயரு இருக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எறங்குங்கத்தா. வாயப் பாரு."

இந்தப் பெண்கள் பனியில் ரோட்டோரம் நின்று வேன் எப்போது வரும் என்று இருட்டையே பார்த்திருப்பார்கள். அதைக் காட்ட எந்த ஆப்பும் இல்லை. இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தாலும் அது தினசரி கணக்கில் போய்விடும்.

இரவு மஞ்சளின் பழைய பதிவுகளில் 9ஆம் தேதியைத் தேடினேன்.

ஜன. 23, வெள்ளி

நோட்டின் கடைசி வரியாக இதைச் சேர்த்தேன்: '9ஆம் தேதி. துபாய். தரை தொட்டது 1.12 (மஞ்சளின் பழைய பதிவில் எடுத்தது). நீலம் காட்டியது 1.40. டிரைவருக்குத் தகவல் சொன்னது: நான்.'

முதலாளி: "எது?"

"மஞ்சள் சார்."

"நீலம் சும்மா கெடைக்குதுல்ல? படமும் நல்லாருக்கு."

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார்.

"அவன் பஞ்சர்னான்?"

"நான்தான் சொல்லச் சொன்னேன் சார். மாட்டேன்னாரு. நான் அழுதேன்."

நோட்டை மூடினார். பிறகு, "அம்புட்டுத் தைரியமா ஒனக்கு?"

கத்துவார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தினார். "மில்காரர் வீட்டுல இது தெரியக் கூடாது. பொம்மப் படத்தப் பாத்து ஏமாந்தோம்னா சிரிப்பாங்க. பஞ்சர் பஞ்சராவே இருக்கட்டும்."

முடிவுகள்: ரபீக் அண்ணன் நாளையிலிருந்து கல்யாணச் சவாரி, ஏர்போர்ட்டுக்கு ஆள் இல்லை, அதனால் செல்லத்துரை அண்ணன். நியாயத்தால் அல்ல. ஏர்போர்ட் போனும் நோட்டும் முதலாளியின் அக்கா மகனுக்கு. எனக்கு மில் வேன் பட்டியல், விடியுமுன் டிரைவர்களை எழுப்புவது. சந்தா கட்டவில்லை.

நான் அழவில்லை. பஞ்சர் என்று சொல்லச் சொல்லவும் இல்லை. அந்த இடத்தில் சிக்னல் எதுவும் கிடையாது, நானே போட்ட கோடு. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் செல்லத்துரை அண்ணன்தான் மாட்டியிருப்பார்.

ஜன. 24, சனி

மறுபடி பனி. விடியுமுன் மூன்று டிரைவர்களுக்குப் போன். இருவர் எடுத்தார்கள். மூன்றாமவர் நாலாவது தடவை எடுத்து, "யாரு, கோழியா?" என்றார்.

மதியம் என் சொந்த நம்பருக்கு செல்லத்துரை அண்ணன்.

"மொதலாளி சொல்றாரு. நீ எப்பத்தா என்னைய பஞ்சர்னு சொல்லச் சொன்ன?"

"எங்கண்ணே இருக்கீங்க?"

"மொத இதுக்குப் பதில் சொல்லு. எப்பச் சொன்ன?"

பின்னால் பெரிய இரைச்சல். விமானம் இறங்குகிற சத்தம்.

"பொகையப் பாத்தேன்," என்றார். "ஒண்ணு ஒம்போது. எழுதிக்க."

நோட்டு என்னிடம் இல்லை. மில் வேன் பட்டியலின் ஓரத்தில் எழுதினேன். 1.09.