கேட்டதற்கெல்லாம் ‘யா’

12 ஜனவரி, திங்கள்

கம்ப்யூட்டரைத் திறந்த உடனே மிரட்டல். ‘உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது.’ மூடினேன். மறுபடி வந்தது. புதிதாக ஒன்று வாங்கு என்கிறது, பாஸ்வேர்டை மாற்று என்கிறது. இது என் வீட்டில் இருக்கிற பொருளா, நான் இதன் வீட்டில் குடியிருக்கிறேனா? வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்க உட்கார்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது.

14 ஜனவரி, புதன்

கம்ப்யூட்டர் பிளக்கை இன்னும் மாட்டவில்லை.

அமல் யாசீன் சூராவை ஓதிக்கொண்டிருந்தாள். வசனங்களைக் காட்ட என் ஸ்கிரீனை எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி வைத்திருந்தேன். வசனத்தின் மேலேயே சூதாட்ட விளம்பரம் விரிந்தது. அரைகுறை உடுப்பில் ஒருத்தி சீட்டுக்கட்டை நீட்டுகிறாள். மூட மூட இன்னொன்று. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன்.

அமலின் உம்மா அஃப்சானா பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைப் பற்றி எழுதிவிட்டாள்: “உஸ்தாஸா வீட்டுல என்னதான் பாக்குறாங்க?”

என்னத்தப் பாத்தேன் நான்? யா அல்லாஹ், என்னத்தப் பாத்தேன்?

15 ஜனவரி

இவர் ஈப்போவில் எங்கள் சாப்பாட்டுக் கடையிலிருந்து வந்ததும், “போதும் சாலிஹா. கிளாஸ நிப்பாட்டு. கடைக்கு வர்றவன்லாம் ஒரு மாதிரி பாக்குறான்” என்றார். கல்லாவில் வந்து உட்காரச் சொல்கிறார்.

லகாட்டில் இந்த வீட்டுக்கு வந்த வருடத்திலிருந்து ஓதிக் கொடுக்கிறேன். என் பேரில் நான் செய்கிற ஒரே காரியம் இது. நிப்பாட்ட மாட்டேன் என்றேன். சோறு போட்டுவிட்டு மறுபடியும் சொன்னேன்.

16 ஜனவரி

ஒரு பிள்ளையும் வரவில்லை.

17 ஜனவரி, சனி

பக்கத்து வீட்டு கிளாரிசா வந்தாள். காம்பாரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவள். தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இந்த ஓசி கிளீனர் புரோகிராம்தான் விளம்பரத்தக் கொண்டு வருது. யார் போட்டது?” என்றாள்.

நான் இல்லை. மகன் கோலாலம்பூரில் இருக்கிறான். இவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது கேட்டுக்கிட்டே இருந்துச்சுலா. தொல்லை விட்டாப் போதும்னு எல்லாத்துக்கும் ‘யா’, ஆமாம்னு அமுக்கிட்டேன்.”

அதனால் இப்படி வரும் என்று தெரியாதாம். இருக்கட்டும். அமுக்குறதுக்கு முன்னால என்னக் கேட்டாரா? கிளாஸ நிப்பாட்டச் சொல்ல மட்டும் வாய் வந்துச்சு.

“குரூப்புல நீங்களே சொல்லுங்க” என்றேன்.

“எனக்கு மானம் போயிரும்.”

என் மானம் மட்டும் என்ன, பசார் மலாம் இரவுச் சந்தையில் வாங்கி வந்ததா?

18 ஜனவரி, ஞாயிறு

போட்டோக்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சம் எல்லாவற்றையும் வழித்துப் போட்டோம். கிளாரிசா விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தாள். இதுவும் ஓசிதான், ஆனால் மிரட்டுவதில்லை.

குரூப்பில் நானே எழுதினேன்: “வேண்டாத புரோகிராம் ஒன்று ஏறியிருந்தது. துடைத்தாயிற்று. நான் சூதாட்டம் பார்க்கவில்லை. நாளை வகுப்பு உண்டு. ஏற்றியது யார் என்று கேட்டால் சொல்வேன்.”

இவர் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பசித்தால் எழுந்து சாப்பிடட்டும்.

19 ஜனவரி

இரண்டு பிள்ளைகள். போதும். ஓதினோம்.

28 ஜனவரி

அமல் வந்தாள். அஃப்சானா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் தீரவில்லை எனக்கு. ஆனால் பிள்ளை என்ன செய்யும்?

9 பிப்ரவரி, திங்கள்

பாடத்தின் நடுவே இவர் போன் செய்தார். கடைக் கம்ப்யூட்டரில் ஆமாமா இல்லையா என்று ஏதோ கேட்டு நிற்கிறதாம்.

“சாலிஹா, ‘யா’வா ‘திடாக்’கானு கேக்குது. எத அமுக்க?”

பின்னால் தட்டுச் சத்தம், பில் போடச் சொல்லி யாரோ கூப்பிடும் சத்தம்.

“ஒண்ணையும் அமுக்காதீங்க. கிளாஸ் முடியட்டும், வாரேன்.”

“சரி. முடிச்சிட்டே வா” என்றார்.

அமலை விட்ட இடத்திலிருந்து ஓதச் சொன்னேன்.